ரோட்ஸ்டரா, கன்வெர்ட்டிபிளா, கூபேயா? கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறோம். பழைய அமெரிக்கக் கார் ஒன்று வாங்க ரொம்ப நாள் ஆசை. மூன்று விளம்பரங்களை எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது 1931 ஃபோர்டு மாடல் ஏ. ‘கன்வெர்ட்டிபிள்’ என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் கூரையின் பக்கவாட்டில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று தெரிகிறது. இரண்டாவது 1955 செவர்லே பெல் ஏர், ‘ஹார்ட்டாப் கன்வெர்ட்டிபிள்’. மூன்றாவது 1965 மஸ்டாங், ‘ரோட்ஸ்டர்’. கூபே, ரோட்ஸ்டர், கன்வெர்ட்டிபிள் என்பதற்கெல்லாம் உண்மையில் என்ன வித்தியாசம்? மனைவி, ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கு இந்த மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் மூன்று விளம்பரங்களிலும் பெயரை நம்ப முடியாது. ஏமாற்றுவதற்கென்றே எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கூரை துணியாகத் தெரிந்தால் கன்வெர்ட்டிபிள், பார்க்க மிடுக்காக இருந்தால் ரோட்ஸ்டர் என்று எழுதுவது விற்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் பெயர் மாறினால் விலை மாறுகிறது, செய்ய வேண்டிய வேலை மாறுகிறது, வழியில் மழை பிடித்தால் பிள்ளைகள் நனைவார்களா என்பதும் மாறுகிறது. ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். கதவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடி இருக்கிறதா? முன் கண்ணாடியின் சட்டம் பாடியோடு சேர்ந்ததா, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடுமா? கூரையைத் தாங்குவது எது? கார் என்ன வகை என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும்.

ரோட்ஸ்டரில் இரண்டு கதவு, ஒரே வரிசை இருக்கை. கதவில் கண்ணாடி கிடையாது. நம் ஊர் ஜீப்பில் மழைக்கு இறக்கிவிடுவார்களே படுதா, அதே போன்ற பக்கப் படுதாவை எடுத்துப் பித்தான் போட்டு மாட்ட வேண்டும். வெளியே பார்க்க அதில் ஒரு பிளாஸ்டிக் சன்னல் தைத்திருக்கும். முன் கண்ணாடி இரண்டு தனித் தூண்களில் நிற்கும். அந்தத் தூண்களைப் பாடியில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பல ரோட்ஸ்டர்களில் கண்ணாடியை முன்பக்கம் அப்படியே மடக்கிப் படுக்க வைக்கலாம். கூரை என்பது சில மர வில்கள்மேல் விரித்த துணி, உள்ளே மெத்தை வேலை எதுவும் இருக்காது. இதே அமைப்பில் பின்னால் இன்னொரு வரிசை இருக்கையும் நான்கு கதவும் இருந்தால் அது ஃபேட்டன்.

கன்வெர்ட்டிபிள் கூபே 1920களின் பிற்பாதியில் தலையெடுத்தது. ஃபோர்டு அதற்கு கேப்ரியோலே என்று பெயர் வைத்தது. கதவுக்குள் கண்ணாடி, அதை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி, அசையாத முன் கண்ணாடிச் சட்டம், உள்ளே லைனிங் கொடுத்த தடித்த கூரை. கூரையை எழுப்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் மூடிய கார். மடக்கினால் திறந்த கார். இந்த வசதிக்கு முன்னால் ரோட்ஸ்டரால் நிற்க முடியவில்லை. செவர்லே தன் கடைசி ரோட்ஸ்டரை 1935-லும் ஃபோர்டு 1937-லும் விற்றுவிட்டு அந்த வகையைக் கைவிட்டன. 1939-ல் பிளிமத் வேக்குவம் சிலிண்டரால் தானே ஏறி இறங்கும் கூரையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு மழையில் இறங்கி நின்று பித்தான் மாட்ட யாருக்கு மனம் வரும்?

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை ஒரே காரில் பார்க்க வேண்டுமென்றால் கார்வெட்டைப் பாருங்கள். 1953-ல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் முதலில் செய்த 300 கார்வெட்டிலும் கதவுக் கண்ணாடி இல்லை, வெளிப்பக்கக் கைப்பிடிகூட இல்லை. படுதாவுக்குள் கையை விட்டு உள்ளிருந்துதான் திறக்க வேண்டும். 1955 வரை அப்படியே தொடர்ந்தது. அவையெல்லாம் முறையான ரோட்ஸ்டர்கள். 1956 மாடலில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வந்தன. அதிலிருந்து அது கன்வெர்ட்டிபிள். 1955-ல் போட்டிக்கு வந்த ஃபோர்டு தண்டர்பேர்டு இரண்டே இருக்கை கொண்டதுதான், ஆனால் பிறக்கும்போதே கதவுக் கண்ணாடியோடு பிறந்தது. அதனால் அது ரோட்ஸ்டர் ஆகாது. இந்தக் குழப்பத்தில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. 1962, 63-ல் ஃபோர்டு ‘ஸ்போர்ட்ஸ் ரோட்ஸ்டர்’ என்று விற்றது நான்கு இருக்கை தண்டர்பேர்டு கன்வெர்ட்டிபிளைத்தான். பின் இருக்கைக்குமேல் ஒரு ஃபைபர் மூடி போட்டுப் பெயரை மாற்றியிருந்தார்கள்.

கூபே என்றால் இரண்டு கதவு, அசையாத கூரை. பிரெஞ்சில் ‘வெட்டியது’ என்று பொருள். அமெரிக்கர்கள் ‘கூப்’ என்பார்கள். போனில் விற்பவரிடம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். பழைய ஃபோர்டுகளில் ‘த்ரீ விண்டோ’, ‘ஃபைவ் விண்டோ’ என்று கேள்விப்படுவீர்கள். முன் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்காமல் எண்ண வேண்டும். இரண்டு கதவுக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் சேர்ந்தால் மூன்று. கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சின்னச் சன்னல் இருந்தால் ஐந்து. 1932 ஃபோர்டில் இன்னொரு அடையாளமும் உண்டு: மூன்று சன்னல் கூபேயின் கதவுக்குக் கீல் பின்பக்கம், ஐந்து சன்னலுக்கு முன்பக்கம். பின்கீல் கதவு ஓட்டத்தில் திறந்துகொண்டால் காற்று அதை அப்படியே பிடுங்கித் தள்ளும், எனவே பூட்டு தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் சாலையில் இறக்கக் கூடாது. பிசினஸ் கூபே, ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கானது. முன் இருக்கை மட்டும். மீதி இடமெல்லாம் சாமானுக்கு. கிளப் கூபேயில் பின் இருக்கை உண்டு. பிள்ளைகளோடு போகிறவர் விளம்பரத்தில் இந்த முன்சொல்லைக் கவனிக்காமல் விட்டால் வீட்டுக்கு வந்தபின் இடம் இருக்காது.

இனி உங்கள் முதல் காருக்கு வருவோம். 1931 மாடல் ஏ-யில் துணிக் கூரையோடு தெரியும், உள்ளே ஒரே வரிசை இருக்கை கொண்ட இரண்டு கதவுப் பாடி மூன்று வகை. கதவுக் கண்ணாடி இல்லாவிட்டால் ரோட்ஸ்டர், ஃபோர்டின் பாடி எண் 40-ல் தொடங்கும். கண்ணாடியும் இருந்து கூரையும் மடங்கினால் கேப்ரியோலே, எண் 68. அதிலும் 1931-ன் பின்பகுதியில் வந்த 68-சி வகைக்கு முன் கண்ணாடி சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மூன்றாவதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்: ஸ்போர்ட் கூபே, எண் 50. கூரைமேல் துணி போர்த்தியிருக்கும், பக்கவாட்டில் நீங்கள் பார்த்த மாதிரி வளைந்த கம்பியும் இருக்கும். எல்லாம் அலங்காரம்; அந்தக் கூரை மடங்கவே மடங்காது. கேப்ரியோலேயில் அந்தக் கம்பிக்கு நடுவில் மடக்கு மூட்டு இருக்கும், அது உண்மையிலேயே வேலை செய்யும். ஆகவே விற்பவரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள், கூரை இறங்கிய நிலையில். அனுப்பத் தயங்கினால் அது ஸ்போர்ட் கூபேயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது கெட்ட கார் இல்லை. கன்வெர்ட்டிபிள் விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேப்ரியோலே என்று உறுதியானால் அடுத்து மரத்தைப் பார்க்க வேண்டும். தகட்டுக்கு உள்ளே, கதவுத் தூண், கதவுக்குப் பின்னாலுள்ள பக்கப்பகுதி, முன் கண்ணாடிக்கு மேலுள்ள குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் மரம் இருக்கும். ரோட்ஸ்டரில் இது மிகவும் குறைவு. கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் ஆடினால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது, எளிய வேலை. கதவோடு தூணும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் உளுத்துவிட்டது; தகட்டைப் பிரித்து மரத்தைப் புதிதாக இழைத்துப் பொருத்த வேண்டும், அந்தச் செலவு காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கும். இதே காலத்து செவர்லேயில் இன்னும் கவனம் தேவை. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடிகள் 1930களின் நடுப்பகுதி வரை மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்தவை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே எலும்பு இருக்காது.

மாடல் ஏ-யின் பின்பக்க மூடியைத் திறந்தால் இருக்கை ஒன்று விரியலாம். அமெரிக்காவில் அதற்கு ரம்பிள் சீட் என்று பெயர், பிரிட்டிஷ்காரர்கள் டிக்கி என்றார்கள். நாம் இன்றும் காரின் சாமான் அறையை டிக்கி என்பது அங்கிருந்து வந்ததுதான். படத்தில் பார்க்கப் பிள்ளைகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும். தயவுசெய்து அதில் அவர்களை உட்கார வைக்காதீர்கள். பெல்ட் இல்லை, தலைக்குமேல் எதுவும் இல்லை, பின்னாலிருந்து யாராவது இடித்தால் முதலில் நசுங்குவது அந்த இடம். இந்த வண்டியின் 40 குதிரைத்திறனும் கம்பியால் இழுபடும் பிரேக்கும் மணிக்கு 45 மைல் வேகத்துக்குப் போதும். டெட்ராய்டைச் சுற்றியுள்ள ஃப்ரீவேக்களுக்கு எந்த வகையிலும் போதாது. மாடல் ஏ மேல் உங்களுக்கு உண்மையிலேயே மோகம் என்றால் முதலில் காலமசூ அருகே ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் கார் மியூசியத்துக்குப் போய்வாருங்கள். மாடல் ஏ-க்கென்றே அங்கே தனிக் கட்டடம் இருக்கிறது. ரோட்ஸ்டர், கேப்ரியோலே, ஸ்போர்ட் கூபே என்ற மூன்றையும் கண்ணால் பிரித்துப் பழகிவிட்டால் பிறகு எந்த விளம்பரமும் உங்களைக் குழப்பாது.

இரண்டாவது, பெல் ஏர். ‘ஹார்ட்டாப் கன்வெர்ட்டிபிள்’ என்ற சொல்லை விற்பவர் கற்பனை செய்யவில்லை. அந்தக் காலத்துக் கம்பெனி விளம்பரங்களிலேயே அது புழங்கியது. 1949-ல் ப்யூக் ரோட்மாஸ்டர் ரிவியெரா, கேடில்லாக் கூபே டிவில், ஓல்ட்ஸ்மொபைல் 98 ஹாலிடே என்று மூன்று கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் இறக்கியது. கன்வெர்ட்டிபிளின் சாயலில் எஃகுக் கூரை. முன் சன்னலுக்கும் பின் சன்னலுக்கும் நடுவே தூண் இல்லை. நான்கு கண்ணாடியையும் இறக்கினால் பக்கம் முழுக்கத் திறந்து காற்று வீசும். ஆனால் கூரை எங்கும் போகாது. கூரையே மடங்கி டிக்கிக்குள் போகிற அமெரிக்கக் கார் வேண்டுமென்றால் அது 1957 முதல் 59 வரை வந்த ஃபோர்டு ஸ்கைலைனர். அதன் மோட்டார்களையும் ரிலேக்களையும் நூற்றுக்கணக்கான அடி வயரையும் பராமரிக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

பெல் ஏர் என்பதும் பாடியின் பெயர் கிடையாது. 1950-ல் அது ஹார்ட்டாப்புக்கு மட்டும் வைத்த பெயர். 1953 முதல் ஒரு முழு வரிசைக்குப் பெயரானது, அதில் நான்கு கதவு செடானும் அடக்கம். 1955-ன் வாகன எண்ணைப் பார்த்தாலும் பாடி தெரியாது. ‘விசி55’ என்று தொடங்கினால் வி8 எஞ்சின் போட்ட பெல் ஏர் என்பது மட்டும்தான் தெரியும். பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் அறைந்திருக்கும் சின்னப் பிளேட்டைப் படியுங்கள். ஸ்டைல் எண் 55-1037டி என்றால் தூண் இல்லாத ஹார்ட்டாப், 1067டி என்றால் கன்வெர்ட்டிபிள், 1011டி என்றால் தூண் உள்ள இரண்டு கதவு செடான். செவர்லே தன் ஹார்ட்டாப்பை ‘ஸ்போர்ட் கூபே’ என்றே அழைத்தது. மாடல் ஏ-யின் ஸ்போர்ட் கூபேக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை.

பிளேட்டைக் கழற்றி மாற்ற முடியும் என்பதால், 1067 என்று இருந்தாலும் கீழே படுத்து சேஸைப் பாருங்கள். 1955 முதல் 57 வரையுள்ள செவர்லே கன்வெர்ட்டிபிளின் சேஸ் நடுவில் எக்ஸ் வடிவத்தில் குறுக்குச் சட்டம் இருக்கும். அது இல்லையென்றால் யாரோ ஹார்ட்டாப்பின் கூரையை அறுத்திருக்கிறார்கள். அப்படி அறுத்த வண்டியில் மேடு பள்ளத்தில் கதவு தானாகத் திறந்துகொள்வதும், முன் கண்ணாடி விரிசல் விடுவதும் நடக்கும். கூரை இல்லாத பாடியை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டிய இரும்பு அங்கே இல்லை.

நல்ல ஹார்ட்டாப்பாகவே அமைந்தால் அது வீட்டுக்கு ஏற்ற வண்டி. அதன் தீராத தொல்லை சன்னலோரம் நீர் ஒழுகுவது. தூண் இல்லாததால் கதவுக் கண்ணாடியும் பின் இருக்கையோரப் பக்கக் கண்ணாடியும் ஒன்றையொன்று தொட்டு மூட வேண்டும். ஒழுகினால் உடனே ரப்பர் பீடிங்கை மாற்றுகிறார்கள், புது ரப்பரிலும் ஒழுகும். வரிசைப்படி செய்ய வேண்டிய வேலை இது. முதலில் கீலில் கதவைச் சரியாக நிறுத்தி, சுற்றிலும் இடைவெளி ஏறத்தாழ அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு சீராக இருக்கும்படி செய்ய வேண்டும். அடுத்து கதவின் முன்மூலையில் உள்ள முக்கோணக் கண்ணாடிச் சட்டம். பிறகு கதவுக் கண்ணாடி, அதற்கு ஏற்ப பின் இருக்கையோரக் கண்ணாடி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரப்பர். கன்வெர்ட்டிபிளாக இருந்தால் கூரையை எழுப்பி முன்சட்டத்தில் கொக்கி மாட்டிவிட்டு இதே வரிசையில் செய்யுங்கள். கூரையின் பக்கச் சட்டம்தான் அங்கே கண்ணாடிக்கு அளவுகோல்.

மூன்றாவது, மஸ்டாங். ரோட்ஸ்டர் என்று எழுதியதை அழித்துவிடுங்கள். 1965-ல் மூன்றே பாடி: ஹார்ட்டாப், கூரை பின்பக்கம் வரை சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக், கன்வெர்ட்டிபிள். இங்கே வாகன எண்ணே போதும். மூன்றாவது, நான்காவது இலக்கம் 07 என்றால் ஹார்ட்டாப், 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். விற்பனைக்குப் போன முதல் மஸ்டாங்கின் எண் 5எஃப்08எஃப்100001. ஐந்து என்பது 1965, அடுத்த எஃப் டியர்பார்ன் ஆலை, 08 கன்வெர்ட்டிபிள், அடுத்த எஃப் 260 கன அங்குல வி8. அந்தக் கார் உங்கள் பக்கத்திலேயே, டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது. எண்ணைக் கதவில் அறைந்திருக்கும் பிளேட்டில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அந்தப் பிளேட் புதிதாகவும் செய்து கிடைக்கும். பானெட்டைத் திறந்து இடது முன்சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகட்டில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கதவுப் பிளேட்டில் பாடி எண் 76 என்று தொடங்க வேண்டும். 65 என்றிருந்தால் ஹார்ட்டாப்.

செவர்லேயைப் போல் மஸ்டாங்குக்குத் தனிச் சேஸ் கிடையாது. பாடியே சேஸ். கூரையை எடுத்துவிட்டால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது தரையும் இரண்டு கதவுக்கும் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும்தான். ராக்கர் என்பார்கள் அதை. அதனால் கன்வெர்ட்டிபிளுக்கு ஃபோர்டு தடித்த உள் ராக்கரையும், முன் இருக்கைக்கு அடியில் கூடுதல் தகட்டையும், முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வலுவூட்டும் பெட்டிகளையும் போட்டது. எடை ஹார்ட்டாப்பைவிட ஏறத்தாழ 200 பவுண்டு கூடியது. துரு பிடிப்பதும் சரியாக அந்த இடங்களில்தான். உப்புச் சுரங்கத்தின்மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர் டெட்ராய்ட்; பனிக்கால உப்பு இந்த ராக்கருக்குள் புகுந்தால் வெளியே வராது. எத்தனை குளிர்காலம் இந்தச் சாலைகளில் ஓடியது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். அரிசோனாவிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வந்த வண்டியானால் வெயிலில் சீட்டும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும்போது கையோடு ஒரு சின்னக் காந்தம், டார்ச், ஒரு வாளி தண்ணீர் எடுத்துப் போங்கள். கார் சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். கதவின் பின்னோர இடைவெளியை மேலேயும் கீழேயும் பாருங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. அடுத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தில் ஜாக்கி கொடுத்து அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவை மெதுவாக மூடுங்கள். கொஞ்சம் இறுக்கம் இயல்புதான். பூட்டு நாக்கு தட்டில் போய் இடித்து மூடவே மறுத்தால் ராக்கர் செத்துவிட்டது. காந்தத்தைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த கன்வெர்ட்டிபிள் ராக்கர், பார்வைக்கு மட்டும்தான் ராக்கர்.

வாளித் தண்ணீர், முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரத்துக்கு. அங்கே மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் முன்சக்கரங்களுக்குப் பின்னால் கீழே வடிந்து ஓட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் உள்ளே காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள தகடு அரித்துவிட்டது. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடம், சரிசெய்ய முன்பக்கத்தைப் பெருமளவு பிரித்து ஸ்பாட் வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும். மஸ்டாங் தரைத்தகடு இற்றுப் போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒழுகல்தான்.

ராக்கர் மாற்றும் வேலை தேவைப்பட்டால் டிங்கரிங் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: அறுப்பதற்கு முன்னால் என்ன செய்வீர்கள்? கதவுத் திறப்பின் அளவை மூலைக்கு மூலை எடுத்து எழுதிவைத்து, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குச் சதுரக் குழாயைக் குறுக்கே பற்றவைத்து, காரின் எடை சக்கரங்களில் இருப்பதுபோலவே ஆக்சில் பக்கம் ஸ்டாண்ட் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்வோம் என்று சொன்னால் வண்டியைக் கொடுங்கள். ‘தூக்கி வைத்து அறுத்துவிடுவோம்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள்; தொய்ந்த நிலையிலேயே புது ராக்கரைப் பற்றவைத்துவிட்டால் அந்தக் கதவு என்றைக்கும் சரியாக மூடாது. ஹார்ட்டாப்பின் உள் ராக்கரை வாங்கிப் போடவும் விடாதீர்கள், இரண்டும் வேறு.

கூரைக்கு வருவோம். மின்சாரக் கூரையென்றால் பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பம்ப், பக்கத்துக்கு ஒரு சிலிண்டர். எஞ்சினை ஓடவிட்டு, கூரையை இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பின்தங்கினால் கூரைச் சட்டம் முறுகிக்கொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பின்பக்கத் தரை விரிப்பு எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் சிலிண்டர் கசிகிறது. இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். மஸ்டாங்கில் ஊற்றுவது ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில். 1940கள், 50களின் பல கார்களில் இதே வேலைக்குப் பிரேக் ஆயில் ஊற்றினார்கள், அது சிந்தினால் பெயின்ட்டை உரித்துவிடும். இரண்டையும் கலந்தால் உள்ளே ரப்பர் சீல் ஊதிப்போகும், எது இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

துணி கிழிந்திருந்தால் அதற்காகக் காரை விட வேண்டாம். ஆனால் மாற்றும்போது பழைய துணியைப் பிய்ப்பதற்கு முன் பின் வில்லின் உயரத்தைப் பாடி விளிம்பிலிருந்து அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். துணியின் இழுவிசையைத் தீர்மானிப்பது அந்த உயரம்தான். தாழ்ந்தால் கூரை தொளதொளக்கும், உயர்ந்தால் முன்கொக்கி எட்டாது. பக்க ஓரத்தில் துணிக்குள் ஓடும் மெல்லிய கம்பி வடம் அறுந்திருந்தால் வேகத்தில் துணி படபடவென்று அடிக்கும். துணி மாற்றும்போதே அதையும் மாற்றிவிட வேண்டும். பின் சன்னல் பிளாஸ்டிக்காக இருந்தால் கூரையை மடக்குவதற்கு முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவையுங்கள். மிச்சிகன் அக்டோபர் காலைக் குளிரில் மடக்கினால் கண்ணாடித் தாள்போல முறிந்துவிடும். ஈரத் துணியை மடக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கூரையை எழுப்பிய நிலையிலேயே காரை நிறுத்திவையுங்கள்.

எதை வாங்கலாம் என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நான்கு பேருக்கு மாடல் ஏ வேண்டாம். மஸ்டாங்கின் எண்ணில் 08 இருந்து, கதவு இடைவெளியும் வாளித் தண்ணீரும் தேறினால் அதை வாங்குங்கள். பாகங்கள் அநேகமாக எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பெல் ஏருக்கும் கிடைக்கும், செலவு கூடும். ராக்கர் தேறாவிட்டால் மஸ்டாங்கை விட்டுவிட்டு 1037 ஹார்ட்டாப்புக்குப் போங்கள். சன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டினால் பிள்ளைகளுக்குத் திறந்த கார் சந்தோஷத்தில் முக்கால்வாசி கிடைத்துவிடும், மழைக்கும் பயமில்லை.

பின் இருக்கை பெல்ட் விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். 1965 மஸ்டாங்கில் பின்னால் பெல்ட் இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் இடுப்புப் பெல்ட்தான். பெல் ஏரில் அதுவும் இருக்காது. தரையில் தடித்த தகடு வைத்துப் புது இடுப்புப் பெல்ட்டை முடுக்கிய பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள். பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் அவசியம், இந்தக் கார்களின் பின் இருக்கையில் அது கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, இடுப்புப் பெல்ட்டால் கட்டக்கூடியதும் தனக்கென்று ஐந்து முனைப் பட்டை உள்ளதுமான குழந்தை இருக்கையை எடை வரம்பு பார்த்து வாங்குங்கள். ஃப்ரீவேயில் ஏறாதீர்கள்.

பதிவு எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். மிச்சிகனில் ‘ஹிஸ்டாரிக்’ பிளேட் மலிவு. ஆனால் கண்காட்சி, ஊர்வலம், கிளப் பயணம் போன்றவற்றுக்குத்தான் அது. ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் விருப்பம்போல் ஓட்டலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு சுற்றுவதென்றால் சாதாரணப் பிளேட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே மூன்று விற்பவர்களிடமும் படம் கேளுங்கள். மாடல் ஏ-க்குக் கூரை இறங்கிய நிலையில் பக்கவாட்டுப் படம். பெல் ஏருக்கு எஞ்சினுக்குப் பின்னாலுள்ள பிளேட்டும் காருக்கு அடியில் சேஸின் நடுப்பகுதியும். மஸ்டாங்குக்கு உள்தகட்டில் பொறித்த எண்ணும், இரண்டு பக்கமும் மூடிய கதவின் பின்னோரமும். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.